மூக்கும் சாக்கும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த மகத்தான காரியம், பாறசாலையில் எங்கள் முதலாளி ரெத்தினதாஸ் ஜாஸ்மின் ரைஸைக் கண்டுபிடித்ததுதான். அது தங்கள் ஊர் நெல் என்று தாய்லாந்துக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். திரியட்டும். அவர்களுக்கு வயல் வேண்டும், மழை வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முதலாளிக்குத் தமிழ்நாடும் கேரளாவும் முட்டிக்கொள்ளும் பனச்சமூடு சந்திப்பு போதும். சாலைக்கு அந்தப் பக்கம் சாதா வெள்ளை அரிசியாக இருப்பது, இந்தப் பக்கம் வந்து எங்கள் ஆலையில் சற்று ஓய்வெடுத்தால் ‘முல்லைராணி ஜாஸ்மின் ரைஸ்’ ஆகிவிடும்.

என் பெயர் தாணு. நிறுவனத்தின் ‘நறுமண மேம்பாட்டு அலுவலர்’. அதாவது, அரிசியில் பிச்சிப்பூ சென்ட் தெளிப்பவன். மல்லிகைக்குத் தங்கச்சி மாதிரியான பூ அது. அதனால் வாடிக்கையாளர்கள் எங்கள் சரக்கைச் செல்லமாகப் ‘பிச்சி அரிசி’ என்பார்கள்.

ஒருமுறை கொச்சி வியாபாரி ஒருவர் அசல் தாய்லாந்து அரிசியை மாதிரிக்குக் கொண்டுவந்தார். உயர்மட்டக் குழு கூடியது. குழு என்றால் முதலாளியும் நானும். சமைத்துப் பார்த்தோம். நீள நீளமான சோறு, பஞ்சு போல மென்மை, ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டது. மணம் மட்டும் பிரியாணிக்குப் போடுகிற ரம்பை இலை, எங்கள் ஊர்ப் பேச்சில் கைதை இலை, மணம்.

“இதில பிச்சி மணம் எங்கவே?” என்றார் முதலாளி.

“பூ மணம் வராது சார். மல்லிகை மாதிரி வெளுப்பா, வாசனையா இருக்கும்னு வச்ச பேருதான்.”

“பேரு ஜாஸ்மின், மணம் கைதையா? அப்போ இது கலப்படமாக்கும்!”

தாய்லாந்து அரிசி போலி என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

இப்பேர்ப்பட்ட மூக்கைத்தான் முதலாளி ஒரு கல்யாணத்தில் நுழைத்தார். அவருடைய தங்கை மகன் மனு, அப்பா இல்லாத பையன். மாமன் சம்மதித்தால்தான் கல்யாணம். அவனோ தனுவச்சபுரம் கல்லூரியில் கூடப் படித்த ஆர்யாவைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று இருந்தான். ஆர்யாவின் வீடு பனச்சமூட்டில், சாலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அவள் அப்பா சுயம்பு ரேஷன் அட்டைக்காரர்.

“சர்க்கார் சும்மா தாற பிச்சை அரி தின்னுத வீட்டில எனக்க மருமவன் பெண்ணு எடுக்கவா?” என்று முதலாளி குதித்தார். மனு சாப்பிடாமல் கிடந்தான். கடைசியில் அவர் மனம் இரங்கி ஒரு நிபந்தனை விதித்தார். “செரி, விருந்துக்கு வாறேன். இலையில ஜாஸ்மின் விழணும். சாதா அரி விழுந்தா எழும்பிருவேன். பொறவு கல்யாணப் பேச்சே கிடையாது.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் தர ஆய்வுக்கு. இலை போட்டார்கள், சோறு விழுந்தது. முதலாளி ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது.

“எலே தாணு, மோந்து பாருலே.”

மோந்தேன். பூவும் இல்லை, இலையும் இல்லை. லேசான மக்கல் வாடைதான் இருந்தது.

“இது சாதா அரி! அதுவும் ரேஷன் அரியாக்கும்! எனக்க மூக்கை ஏமாத்த ஒக்காது!” என்று எழுந்துவிட்டார். மனுவின் கையிலிருந்த பப்படம் நொறுங்கியது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

ஆர்யா சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “ரேஷன் அரிதான்னு உறப்பா சொல்லுதீங்களா மாமா?”

“நூத்துக்கு நூறு!”

“எங்க ரேஷன் கடையில ரெண்டு மாசமா அரி இல்ல. கேட்டா தீந்துபோச்சுன்னு சொல்லுதாவ. இது இன்னைக்குக் காலத்த உங்க ஆலைக் கடையில காசு குடுத்து வேண்டினது.”

உள்ளே போய்ச் சாக்கைக் கொண்டுவந்தாள். சாக்கின் மேல் படத்தில் முல்லைராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா வெள்ளம் விட்டுக் கழுவினேன். மணம் வெள்ளத்தோட போச்சு,” என்றபடி சாக்கை உள்வெளியாகத் திருப்பினாள். அங்கே அரசு முத்திரை. அதன் கீழே ‘விற்பனைக்கு அல்ல’. சாக்கைத் திருப்பித் தைப்பது வேறு பிரிவின் பொறுப்பு, என் துறை இல்லை என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

முதலாளி சாக்கைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

“எனக்கு ரெண்டு நாளா மூக்கடைப்பு மக்கா. இது ஜாஸ்மின்தான். இன்னும் கொஞ்சம் போடு.”

மூக்கடைப்பு என்று அவர் சாக்குச் சொன்னார். நிஜச் சாக்கு ஆர்யாவின் கையில் இருந்தது.

“அப்போ கல்யாணம், மாமா?” என்றான் மனு.

“ஆவணியில வச்சிரலாம். ஸ்ரீதனம் ஒண்ணும் வேண்டாம்.”

“அதெப்படி?” என்றாள் ஆர்யா. “இந்தச் சாக்கை மடிச்சுப் பெட்டியில வச்சுக் கொண்டு வாறேன். அதுவரைக்கும் எங்க ரேஷன் கடையில அரி உண்டுமான்னு மாசாமாசம் பாப்பேன்.”

முதலாளிக்கு விக்கல் எடுத்தது. அதுவரை வாயே திறக்காத சுயம்பு குனிந்து, “மோரு விடட்டுமா முதலாளி?” என்றார்.

அடுத்த மாதம் அந்த ரேஷன் கடைக்கு அரிசி வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் மற்ற கடைகளில் இன்னும் ‘தீர்ந்துபோச்சு’தான். அங்குள்ளவர்கள் யாரும் எங்கள் முதலாளியின் மருமகனுக்குப் பெண் கொடுக்கவில்லையே.

ரேஷன் அரிசிக்கும் எங்கள் அரிசிக்கும் என்ன வித்தியாசம் என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அலுவலர் என்ற முறையில் சான்றளிக்கிறேன். ஏழைக்குக் கொடுத்தால் அது பிச்சை அரிசி, அதையே முதலாளி விற்றால் பிச்சி அரிசி. வாலில்தான் வித்தியாசம்: ஒன்று ‘ச்சை’ என்று முடியும், மற்றது ‘ச்சி’ என்று முடியும். எங்களைப் பார்த்து இரண்டில் எதைச் சொன்னாலும் பொருத்தமாகத்தான் இருக்கும்.