ஆணி ஓட்டை தெரிந்த கண்

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் பெண்ணின் மாமியார். போன மழைக்காலத்தில், என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நான் அதை நூலால் கட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்து காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார். சம்பந்தியம்மா பொய் சொல்ல மாட்டார். கொஞ்சம் நீட்டுவார். நீட்டியதை நான் மடித்துத் தருகிறேன்.

அவருக்கு ஒரு தங்கை. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அங்கே எல்லாரும் திருத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் ஒரு தரம் படித்தால், கேட்டால், அப்படியே மனசில் நின்றுவிடும். ஆனால் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வராது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் ஆசையாக எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவள். மனுஷர் தங்கமானவர், அப்புறமும் கட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்டவளுக்கு வலது கண்ணின் நடுவில் சாம்பல் புள்ளி ஒன்று விழுந்தது. ஓரத்தில் எல்லாம் தெரியும். எதைப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது. ஒரு சொல்லைப் பார்த்தால் அதற்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் இருக்கும், அந்தச் சொல் இருக்காது. இடது கண்ணிலும் நேர்கோடுகள் லேசாக வளைய ஆரம்பித்தன. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை கண்ணால் செய்கிற வேலை. அக்காவும் தங்கையும் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, விழித்திரை உயர் ஆய்வு நிலையத்துக்குப் போனார்கள்.

பெரிய இடம். அப்போதுதான் கட்டடத்தைப் புதுப் பாணியில் மாற்றியிருந்தார்கள். வெளிர் சாம்பல் சுவரில், அதைவிட இன்னும் கொஞ்சம் வெளிர் சாம்பலில் சின்னச் சின்ன அறிவிப்பு எழுத்துகள். கண்ணை உறுத்தாத வடிவமைப்பு என்று அதற்குப் பரிசுகூடக் கிடைத்ததாம். நியாயமான பரிசு. அந்த எழுத்து ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை, ஒருவர் கண்ணிலும் படவும் இல்லை. துடைப்பம் வைக்கிற அறையில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒரு நோயாளி டாக்டருக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பார். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் எல்லாரும் தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி அணிந்திருந்தார்கள். உள்ளே வெறும் கண்ணாடிதான். பார்வை நன்றாக இருந்தால் ஆராய்ச்சியாளர் மாதிரி தெரியாதாம்.

அங்கே ‘ஒளித்துளி’ என்று ஒரு சொட்டு மருந்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். நிலையத்தின் இயக்குநரே கண்டுபிடித்தது. ஆராய்ச்சி எப்படி என்றால், நோயாளி மாதா மாதம் வருவார், சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிப்பார், சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு போவார். அட்டைக்குப் பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் நீளமான குச்சி. குச்சிக்காரர் என்றே அவருக்குப் பெயர். எத்தனையோ வருஷமாக அதே அட்டையைக் காட்டிக்காட்டி, திரும்பிப் பார்க்காமலே குச்சியைப் பின்னால் நீட்டுகிற அளவுக்குத் தேர்ச்சி அவருக்கு.

அறைக்குக் கதவு கிடையாது. புதுப் பாணியில் கதவு வழக்கொழிந்துவிட்டது. வாசலை ஒட்டியே காத்திருக்கும் பெஞ்சு. உள்ளே ஒருவர் “ப… ம, ட… ச, ந, க…” என்று படிக்கப் படிக்க, வெளியே இருப்பவர்கள் காதில் அது விழுந்துகொண்டே இருக்கும். முதல் மாதம் தடுமாறுவார்கள். அடுத்த மாதம் பாதி வரும். அதற்கடுத்த மாதம் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. அவ்வளவு படித்த டாக்டர் ஆசையாகக் கேட்கும்போது, தெரியவில்லை என்று சொன்னால் அவர் முகம் வாடிப்போகுமே என்ற மரியாதைதான்.

ஒளித்துளி அமோக வெற்றி. மாதத்துக்கு மாதம் பார்வை ஏறிக்கொண்டே போகிறது என்று இயக்குநர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். குணமான நோயாளிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

திருத்தம்மாவுக்கு இரண்டாவது மாதமே எல்லாம் மனப்பாடம். வலது கண்ணுக்கு அட்டை இருந்த இடத்தில் சாம்பல் புள்ளிதான். இருந்தாலும் குச்சி நீண்டால் எழுத்து வாயில் வந்து விழுந்தது.

“பார்வை பூரணம்” என்றார் இயக்குநர்.

“சார், இந்தக் கண்ணுக்கு உங்க முகம் தெரியலையே.”

“கொஞ்சமாவது?”

“காது ரெண்டும் தெரியுது.”

“பாருங்க, ஓரத்துலேருந்து குணமாயிட்டு வருது. முகமும் வந்துடும்.”

அங்கே சின்ன டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். வேலைக்குப் புதுசு, அதனால் நோயாளியின் கண்ணுக்குள் பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. பார்த்துவிட்டு அக்காவையும் தங்கையையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

“விழித்திரைக்குப் பின்னால நீர் கசியுதும்மா. சொட்டு மருந்து அங்க போய்ச் சேரவே சேராது. இதுக்கு ஒரு ஊசி வந்திருக்கு, அதையும் இங்கதான் சோதிச்சுப் பார்க்கறாங்க. நாளாச்சுன்னா தழும்பாயிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.”

“போடுங்களேன் டாக்டரம்மா” என்றார் அக்கா.

“அட்டையில முதல் எழுத்துகூடத் தெரியாத கண்ணுக்குத்தான் போடலாம்னு விதி. நம்ம பெஞ்சுல அப்படி ஒரு கண்ணு அகப்படவே மாட்டேங்குது. ஊசி மருந்து குளிர்பெட்டியில சும்மா கிடக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடுத்த தடவை முதல் எழுத்தை ‘ம’ன்னு சொல்லிடுங்க.”

“அது ‘ப’ ஆச்சே” என்றாள் திருத்தம்மா.

“உங்களுக்குத் தெரியுதா?”

“தெரியலை. ஆனா அது ‘ப’ தானே?”

வீட்டுக்கு வந்து அக்கா அவளைச் சமையலறைச் சுவர் முன்னால் நிறுத்தி, கரண்டியை நீட்டிப் பழக்கினார். “இது என்ன எழுத்து?” “ப.” “அடியே, ‘ம’ன்னு சொல்லுடி.” “தப்பை எப்படிக்கா சொல்றது?” “கண்ணு போயிடும்டி.” “தெரியும்க்கா” என்று அழுதாள். அடுத்த தரம் உள்ளே போய் நின்றாள், குச்சி நீண்டது, “ப” என்றாள். அக்கா வெளியே பெஞ்சில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர், “உங்க தங்கச்சி எவ்வளவு தெளிவாப் படிக்கறாங்க, குடுத்து வச்சவங்க” என்றாராம்.

இப்படி இருக்கும்போது, நிலையத்தின் சாதனையைப் பொதுமக்கள் கண்டு களிக்க வேண்டும் என்று மேலிடம் நினைத்தது. உலகமே வியக்கும் முடிவுகளைத் தந்த அந்த எழுத்து அட்டையைக் கழற்றி, தங்க முலாம் சட்டம் போட்டு, கண்ணாடிப் பேழையில் முன்கூடத்தில் வைத்தார்கள். மாலைகூடப் போட்டார்கள்.

அப்படியானால் சோதனை அறையில்? புது அட்டை மாட்டினால் பழைய முடிவோடு ஒப்பிட முடியாது என்று ஒரு குழு சொன்னது. பழைய அட்டையைத் திரும்ப மாட்டினால் சாதனையை அவமதித்ததாகும் என்று இன்னொரு குழு சொன்னது. இரண்டு குழுவும் ஒத்துவரும்வரை தற்போதைய நிலையே நீடிக்கும் என்று மேலிடம் முடிவு செய்தது. தற்போதைய நிலை என்பது வெறும் சுவர்.

குச்சிக்காரர் வழக்கம்போல உட்கார்ந்தார், குச்சியைப் பின்னால் நீட்டினார். நோயாளிகள் வழக்கம்போலப் படித்தார்கள். பார்வை தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

திருத்தம்மாவின் முறை வந்தது. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். ஏதோ வித்தியாசமாக இருந்ததால் தலையைச் சாய்த்து, வலது கண்ணின் ஓரத்தால் பார்த்தாள்.

“என்ன தெரியுது?”

“சுவர்.”

“முதல் வரிம்மா. பெரிய எழுத்து.”

“அங்க அட்டையே இல்லையே சார்.”

குச்சிக்காரர் பதறிப்போனார். பாவம், ஈரமான மனசு. ஓடிப்போய் இயக்குநரைக் கூட்டி வந்தார். இயக்குநர் அவள் தோளைத் தட்டி, சுவரைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். “இதோ பாருங்கம்மா. ப. அதுக்குக் கீழ ம, ட. தெரியலை?”

“இல்லை சார்.”

பெஞ்சிலிருந்து ஒருவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கடைசி வரிவரை படித்தார். எல்லாரும் திருத்தம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“முதல் எழுத்தும் போச்சு. உடனே ஊசி போடுங்க” என்றார் இயக்குநர்.

உண்மையைச் சொன்னதற்காக ஒருத்திக்குக் குருடு என்று பட்டம் கட்டினார்கள், அதனாலேயே அவள் கண்ணுக்கு மருந்து கிடைத்தது. கடவுளின் வழியே தனி வழி. நான் கேள்வி கேட்பதில்லை.

சின்ன டாக்டரம்மா ஊசி போட்டார். அடுத்த மாதமும் போட்டார். கசிவு வற்றியது. சாம்பல் புள்ளி வெளுத்து, சுருங்கி, ஒரு நாள் காலையில் காணாமலே போனது. திருத்தம்மா தன் அக்காவின் முகத்தைப் பார்த்து, “ஏன்க்கா இப்படி இளைச்சுப் போயிட்டே?” என்றாளாம். அதைச் சொல்லும்போது சம்பந்தியம்மா துணியை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

மறுபடி சோதனைக்குப் போனாள்.

“என்ன தெரியுது?”

“நாலு ஆணி ஓட்டை தெரியுது. கீழே இடது பக்கத்து ஓட்டையில சுண்ணாம்பு உதிர்ந்திருக்கு. அதுக்குப் பக்கத்துல பென்சிலால ஒரு அம்புக்குறி. மேல ஒரு எறும்பு போகுது.”

குச்சிக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் சின்ன டாக்டரம்மாவைப் பார்த்தார்.

“முதல் எழுத்து இன்னும் தெரியலை. இல்லாததெல்லாம் வேற தெரியுது” என்றார். “இந்த ஊசி பலனும் இல்லை, ஆபத்தும்கூட. நிறுத்திடலாம்.”

“சார், கண்ணுக்குள்ள படம் எடுத்திருக்கேன். நீர் முழுக்க வத்திப்போச்சு.”

“படம் உங்களுக்குத் தெரியறதும்மா. அட்டைதான் நோயாளிக்குத் தெரியறது. நாம நோயாளி பக்கம் நிக்கணும்.”

மறுக்க முடியாத வாதம்.

அந்த வேளையில் இடது கண்ணும் கசிய ஆரம்பித்திருந்தது. ஊசியை நிறுத்தினால் அது அவ்வளவுதான். சின்ன டாக்டரம்மா கெஞ்சினார். “ஒரே ஒரு தடவை வலது கண்ணால அட்டையைப் படிச்சிடுங்கம்மா. ஊசி பிழைச்சுக்கும்.”

“இல்லாததை எப்படிப் படிக்கறது?”

“இத்தனை நாள் தெரியாமலே படிச்சீங்களே.”

“அப்ப அது அங்க இருந்துதே.”

திருத்தம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிரார்த்தனைதான் செய்திருப்பாள். பிறகு நேரே முன்கூடத்துக்குப் போனாள். இடது கண்ணை மூடிக்கொண்டு, பேழையின் முன் நின்று, மாலையை விலக்கி, அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர்வரை படித்தாள். சோதனை அறைக்கு வந்து, படித்ததை அப்படியே சொன்னாள்.

“அபாரம்” என்றார் இயக்குநர். ஊசி பிழைத்தது. பிறகு இடது கண்ணைச் சோதித்தார்கள். கசிந்த கண்தான் என்றாலும் வெறும் சுவரை அடையாளம் காண அது போதும். “சுவர்” என்றாள். இடது கண்ணுக்கும் ஊசி போட்டார்கள். ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் பார்வையும் குருடும் கண்டதைப் பற்றி இயக்குநர் தனியாக ஒரு கட்டுரை எழுதினாராம்.

இப்போது அவள் அச்சகத்தில் பழையபடி வேலை பார்க்கிறாள். அதோடு நிற்கவில்லை. மாதா மாதம் அந்தப் பெஞ்சுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்க்கிறாள்.

“ஐயா, உங்களுக்குத் தெரியலைதானே? தெரியலைன்னு சொல்லுங்க. ஊசி போடுவாங்க. எனக்குக் குணமாச்சு.”

“எனக்குத்தான் குணமாயிடுச்சேம்மா.”

“இது என்ன, சொல்லுங்க.”

“உங்க கையா?”

“தூண்.”

“இருக்கட்டும்மா. டாக்டரு இத்தனை கஷ்டப்பட்டுக் குணமாக்கி வச்சிருக்காரு. தெரியலைன்னு சொன்னா மனசு உடைஞ்சு போயிட மாட்டாரா?”

பக்கத்தில் இருந்த அம்மாள் சுருக்கென்று கேட்டாராம், “உங்களுக்கு மட்டும்தான் சுவர் தெரியுதுன்னா கோளாறு யாருக்கு?”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அவர்கள் பிழைப்புக்காகப் பொய் சொல்கிறவர்கள் இல்லை. எல்லாரும் நல்லவர்கள், நம்மைப் போல மரியாதை தெரிந்தவர்கள். ஊசி மருந்து குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் தேவைப்படவில்லை என்று நிலையம் பெருமையோடு அறிவித்திருக்கிறது.

கதையை முடித்துவிட்டு சம்பந்தியம்மா என் உடைந்த கண்ணாடியைப் பார்த்து, “எதுக்கும் நீங்களும் அங்க ஒரு தடவை காட்டிடுங்க, நல்ல இடம்” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நானும் சரி என்று தலையாட்டினேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது கண் காட்டப் போனால், கூடவே நீங்களும் உள்ளே போங்கள். சுவரில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று மட்டும் ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள்.