தீர்த்தம் ஊற்றிய கார்

மரியாதைக்குரிய ஸ்டானிஸ்லாஸ் மாமா அவர்களுக்கு,

குனோங் ராபாட்டிலிருந்து கால்வின் வணக்கத்துடன் எழுதுவது. ஆயர் தாவாரில் நீங்களும் பெட்ரீசியாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே சுகமில்லை. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள், அதனால்தான் தபால்.

நான் கட்டிய காரை நானே ஓட்டிவந்து ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலில் நிறுத்தினால்தான் பெட்ரீசியாவின் கல்யாணப் பேச்சு என்றீர்கள். முடியாது. ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். தப்பு என்னுடையதல்ல. சஸ்பென்ஷனை நாலு பக்கமும் அளந்து மாட்டினேன், ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. முன்சக்கர பிரேக் காலிப்பர் ரெண்டையும் மாட்டி உங்களுக்குப் போட்டோ அனுப்பினேன், "வலது இடது பாத்து மாட்டுனியா?" என்று கேட்டீர்கள், நான் டிப்ளோமா படிச்சவன், லாரிப் பட்டறைக் கேள்வியெல்லாம் என்கிட்ட வேணாம் என்று பதில் போட்டேன், உடனே பிளாக். சரி. அப்புறம் பக்கத்து வீட்டு ஜஹாங்கீர் அண்ணே உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து பிரேக் எண்ணெயில் இருந்த காற்றை எடுத்தேன், மூணு போத்தல் எண்ணெய் காலி.

"தம்பி, பஞ்சு மாதிரி உள்ள போவுதுலா."

"அதெல்லாம் சரியாயிரும்ணே. சும்மா உருட்டிப் பாக்கலாம்."

உருட்டினோம். கேட்டைத் தாண்டிச்சு, ரோட்டைத் தாண்டிச்சு, அண்ணே ரெண்டு காலாலயும் மிதிக்கிறாரு, நிக்கல, எதிர்ப்பக்க லோங்காங் சாக்கடையில மூக்கைக் குத்திதான் நின்னுச்சு. சஸ்பென்ஷன் ஆர்ம் ஒண்ணு வளைஞ்சு போச்சு. திரும்பிப் பாத்தா போர்ச்ல அம்மா, கையில மாதா கோவில் திருவிழாவுல பிடிச்சு வந்த தீர்த்தப் போத்தல், காலி.

"என்னம்மா செஞ்சீங்க?"

"நல்லபடியா போய் வரணும்னு கார்ல ஊத்துனேன்டா."

பிரேக் எண்ணெயில் தண்ணி! கலந்தால் என்ன ஆகும் என்று தெருவே கேட்க அம்மாவுக்கு விளக்கினேன். உள்ளே போனவர்தான். மூணு நாளாகப் பேச்சில்லை. சோறு மட்டும் மேசையில் மூடி வைத்திருக்கிறது.

உங்கள் ஆசீர்வாதத்தையும் ஒரு மாத அவகாசத்தையும் எதிர்பார்க்கும்,
தப்பேதும் செய்யாத
கால்வின்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் காரை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். பிரேக் எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. தீர்த்தம் முழுக்க வைப்பர் டாங்கியில் இருக்கிறது. அந்த மூடியில்தான் தண்ணிப் படம் போட்டிருக்கு, அம்மா பார்த்துத்தான் ஊற்றியிருக்கிறார். காலிப்பரில் காற்று எடுக்கும் திருகு மேலே இருக்கணும், பக்கம் மாத்தி மாட்டினால் அடிக்குப் போயிரும். ரெண்டிலும் அடியில் இருக்கிறது. காற்று மேலேயே நின்றுவிட்டது, முப்பது போத்தல் ஊற்றியிருந்தாலும் போயிருக்காது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வாரேன், ரெண்டு காலிப்பரையும் பையில் எடுத்துக்கிட்டு. அம்மா வருவாரா தெரியவில்லை, இன்னும் கேட்க தைரியம் வரல.

வலது இடது பாத்து மாட்டுனியா என்று கேட்டீர்கள். பாக்கல மாமா.