விடுன்னாங்க, விட்டேன் மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்க பேக்கரி மச்சான் எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம். நான் மட்டும் தெருவுல தலைகாட்ட முடியாம சௌக்கியம். அங்க தங்கச்சி எப்படி இருக்கா? என் பேரை எடுத்தா இன்னும் மூஞ்சைத் திருப்பிக்கிறாளா?

உங்க ஊரு டீமுக்கும் எங்க ஊரு டீமுக்கும் நடந்த ஃபுட்பால்ல, கோல்கீப்பரா நின்ன மச்சான் சொந்தபந்தத்துக்காக வேணும்னே கோலை விட்டுக்குடுத்துட்டான்னு உங்க காதுல விழுந்திருக்கும். சத்தியமா இல்லை மாப்பிள்ளை. முட்டாள்தனத்துல விட்டது. அந்தப் பேராவது எனக்கு மிஞ்சட்டும்.

போன வருஷம் நீங்க கோல் போட்டுட்டு, "மச்சான், ரொட்டி கருகுது, ஓடுங்க"ன்னீங்க. தமாஷாத்தான் சொன்னீங்க. நான்தான் கையுறையைக் கழட்டி உங்க வாயில திணிச்சேன். அது அடுப்புல தட்டு எடுக்கிற கையுறை வேற. அதை என் பொண்டாட்டி ஒரே ஒரு தடவை ஊறப்போட்டா, சாயம் எறங்கி அவ சேலை பூரா... சரி, அது வேற கதை. அன்னைக்குத் தங்கச்சி என்ன சொன்னா? "அண்ணே, ஒரு ஆட்டம் முழுசும் கோவப்படாம நின்னு காட்டு. அப்புறம் உன் வீட்டுக்கு வர்றேன்"னா. ஒரு வருஷமா வரலை. உங்களையும் இந்தத் தடவை மைதானத்துப் பக்கம் அனுப்பலை.

எங்க கோச்சு தையல்காரரு. கழுத்துல அளவு டேப்போடவே வந்து சொன்னாரு: "பந்தைப் புடிக்கிறது அப்புறம்யா. மொதல்ல மனசைப் புடி. அவனுங்க வாயாலதான் ஆடுவானுங்க. உனக்குச் சூடேறினா நாங்க எல்லாரும் 'விடு'ன்னு கத்துவோம். உடனே ரெண்டு கையையும் தொங்கப்போட்டு மூச்சை இழுத்து விடு."

ரெண்டு வாரம் இதே பயிற்சி. நான் எதையும் அரைகுறையா கத்துக்குற ஆளா? பேக்கரியில ரெண்டு பேரு வரிசைக்குச் சண்டை போட்டாங்க. மூணாவது ஆளு "விடுப்பா"ன்னாரு. என் கையில நாப்பது பன்னோட தட்டு. தொங்கப்போட்டேன்.

ஆட்டத்தன்னைக்கு உங்க ஊரு முடிதிருத்துறவரு என் முன்னாடியே நின்னு, "என்ன அண்ணே, தொப்பை மேல பந்து பட்டா பந்து வெடிச்சிருமே"ன்னாரு. எங்க ஆளுங்க "விடு!"ன்னாங்க. மூச்சு விட்டேன். "தங்கச்சியே வேணாம்னு ஒதுக்கிட்டாளாமே"ன்னாரு. அது உள்ள போய்த் தைச்சுது மாப்பிள்ளை. "விடு, விடு!"ன்னாங்க. விட்டேன். என் மனசு தண்ணிப் பானை மாதிரி குளுந்து கெடந்துச்சு.

கடைசி நிமிஷம். கோல் யாரும் போடலை. பந்து ஒண்ணு உருண்டு வருது. வேகமா இல்லை, தவழப் பழகுற புள்ளை மாதிரி ஆடி அசைஞ்சு வருது. குனிஞ்சா போதும். அந்த நேரம் பாத்து எங்க பைப்பு ரிப்பேர்க்காரரு பின்னாடி ஓடி வந்து, பந்தை அவரே எடுத்துக்கிறேங்கிற அர்த்தத்துல, "விடு!"ன்னு கத்தினாரு.

ரெண்டு கையையும் தொங்கப்போட்டு மூச்சு விட்டேன். பந்து கால் நடுவுல போச்சு. மாப்பிள்ளை, அப்பவும் எனக்குக் கோவம் வரலை! சிரிச்சுக்கிட்டே நின்னேன். அதைப் பாத்துத்தான் வேணும்னே விட்டதா கதை கட்டிட்டாங்க. நெதானமா இருன்னு சொல்லிக்குடுத்த கோச்சுதான் டேப்பைச் சுழட்டிக்கிட்டு மைதானத்தை மூணு சுத்து என்னைத் தொரத்தினாரு. நான் பொறுமையாத்தான் ஓடினேன்.

ஆகமொத்தம், தங்கச்சி கேட்டதைச் செஞ்சுட்டேன். ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வாங்க. வாசல்லயே நிப்பேன். நீங்க ரெண்டு பேரும் மனசு நெறைஞ்சு நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
கோவத்தை ஜெயிச்சு, ஆட்டத்தைத் தோத்த மச்சான்

பின்குறிப்பு: தங்கச்சியை உடனே கெளப்பிராதீங்க. இதை மடிக்கிற நேரம் தபால்காரரு வந்தாரு. உங்க ஊரு பேரைப் பாத்துட்டு, "ஜெயிச்ச ஊருக்கா? நன்றிக் கடுதாசி எழுத வேண்டியது அவங்கதானே"ன்னாரு. அவரு தொப்பி இப்ப அடுப்புக்குள்ள இருக்கு. கடுதாசியைப் பால்காரருகிட்ட குடுத்தனுப்புறேன். தங்கச்சி கேட்டது ஆட்டம் முடியிற வரைக்கும்தானே? ஆட்டம் முடிஞ்சு மூணு நாளாச்சே? நீங்களே மெல்லமா கேட்டுச் சொல்லுங்க. கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க.