இதயம் கெட்ட பிறகு வரவும்

தையல்காரிக்கு மார்பில் புற்றுநோய் என்று உறுதியானது. கீமோ மருந்து ஏற்றுவதற்கு முன் டாக்டர் ஒரு மரபணுப் பரிசோதனை கேட்டார். அவளுடைய அம்மாவுக்கும் இதே நோய், இதே மருந்து. நோய் போயிற்று, இதயம் தளர்ந்து பின்னாலேயே அம்மாவும் போய்விட்டாள்.

"சில குடும்பத்து மரபணுவுக்கு இந்த மருந்து ஒத்துக்காதும்மா. முன்னாலயே தெரிஞ்சா மருந்தை மாத்திடலாம்" என்றார் டாக்டர்.

அதற்குக் காப்பீட்டு அலுவலகத்தின் மேலான அனுமதி தேவை. தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அனுமதி அதிகாரி ஒரு பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

"உங்க இதயம் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"அப்பப் பரிசோதனை எதுக்கு? இதயம் பாதிச்சவங்களுக்குத்தான் அனுமதி."

"பாதிச்ச பிறகு வந்தா குடுப்பீங்களா?"

"அப்ப எதுக்கும்மா? அதான் பாதிக்கும்னு தெரிஞ்சுபோச்சே."

"பின்னே எப்பதாங்க வரணும்?"

அதிகாரி ஆட்டத்தை நிறுத்தி யோசித்தார். மனசாட்சியுள்ளவர். "ரெண்டுக்கும் நடுவுல வாங்க."

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தப் பந்து எதுக்கு சார்?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ஊழியர் நலனுக்காக எங்க எல்லாருக்கும் மரபணுப் பரிசோதனை செஞ்சாங்க. எனக்கு நாற்காலி ஆகாதாம். மேலதிகாரிக்குக் காலைல எழுந்திருக்கிறது ஆகாது. அதான் மதியத்துக்கு மேல வர்றார்."

"அதையே எனக்கும் செய்யலாமேங்க" என்றாள் தையல்காரி.

"அது ஆரோக்கியமானவங்களுக்கு. நீங்க நோயாளி."

"என் இதயம் நல்லா இருக்குன்னுதானே அனுமதி இல்லேன்னீங்க?"

"இதயத்தைக் குறை சொல்லலையே. அதைச் சுமந்துட்டு வந்த நீங்கதான் நோயாளி."

நடந்ததைக் கேட்ட டாக்டர் பெருமூச்சு விட்டார். எதற்கு வம்பு என்று அந்த மருந்தையே விட்டுவிட்டு, வேறொன்றை ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டார். முடி கொட்டியது, நகம் கறுத்தது, பல இரவுகள் அழுதே கழிந்தன. கடைசியில் பிழைத்தாள். இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை.

காப்பீட்டு அலுவலகம் தன் ஆண்டு விழாவுக்கு அவளை மேடையேற்றியது. அனுமதி அதிகாரி தழுதழுத்தபடி அறிவித்தார்: "பரிசோதனை மறுக்கப்பட்டதன் மூலம் இதயம் காக்கப்பட்ட நமது முதல் பயனாளி!" அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

கீழே இறங்கியவள் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேட்டியாடி இந்தக் கூத்தை?"

தங்கை செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, இந்த ஆபீஸ்காரங்க மாதிரி நானும் மரபணுப் பரிசோதனை செஞ்சுட்டேன். இப்பத்தான் முடிவு வந்துச்சு. என் தலைமுடிக்குச் சுருள் வைக்கிறது ஆகாதாம்."

தையல்காரி அவள் பக்கம் திரும்பினாள். "அம்மாவோட இதய விஷயம்? அதைப் பத்தி என்ன போட்டிருக்கான்?"

"அதை நான் கேக்கலக்கா. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."