ஏழாவது ஊசிக்கு நான் போட்ட மதிப்பெண்

புத்தகம் படிக்கிறவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடப்பான். ஊருக்கும் வீட்டுக்கும் ஆபத்தானவன், நிறையப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான். கல்யாணமான புதிதில் நான் அந்த இரண்டாம் ரகம்.

எனக்கு வேலை மறைமலைநகரில், கார்களுக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில். மெஷினிலிருந்து வருவதை அளந்து பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் இதையே செய்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் தீர்ப்புச் சொல்ல வாய் துறுதுறுக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த கேசரியைப் பற்றிக்கூட ஒரு கருத்துச் சொன்னேன். (அதற்குப் பிறகும் ஸ்டெல்லா சம்மதித்தாள். ஏன் என்று இன்றுவரை அவளுக்கே தெரியவில்லை.)

எங்கள் கல்யாண வரவேற்புக்கு சங்கரலிங்கம் சார் வந்திருந்தார். கல்பாக்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, பக்கத்துப் புதுப்பட்டினத்திலேயே தங்கிவிட்ட திருநெல்வேலிக்காரர். என் மாமியார் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். அங்கே ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார்.

"தம்பிக்கு வாசிப்பு உண்டுமா?" என்று கேட்டார்.

"நிறைய சார். நாவல், கவிதை, துப்பறியும் கதை, தன்னம்பிக்கை, சமையல், எல்லா வகையும் படிப்பேன்."

"சமையலுமா?" என்று அவர் புருவத்தைத் தூக்கியபோதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "அதுவும் இலக்கியம்தானே சார்" என்றேன்.

உண்மையில் நான் படித்ததெல்லாம் பின்னட்டைகள். புத்தகக் கண்காட்சியில் நின்றபடியே நாற்பது பின்னட்டை படித்துவிட்டு, நாற்பது புத்தகத்தைப் பற்றியும் ஒரு வருஷம் பேசுவேன்.

ஆறு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, வருசா வருசம் நம்ம பக்கத்து ஆட்கள் எழுதுன புஸ்தகத்துக்குப் போட்டி வைக்கோம். வழக்கமா வர்ற நடுவருக்குக் கண்ணுல ஆபரேசன். நீங்கதான் எல்லா வகையும் வாசிப்பியளே."

மறுப்பதற்குள் பார்சல் வந்துவிட்டது. ஐந்து புத்தகம். எழுதியவர் யார் என்று நடுவருக்குத் தெரியக் கூடாதாம். அதனால் எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போலப் பழுப்பு அட்டை போட்டு, உள்ளே பெயர் வருகிற இடத்திலெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். மூன்று வாரம் கெடு. பரிசளிப்பு விழாவில் ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் நானே மேடையில் கருத்து வாசிக்க வேண்டும். பின்னட்டையும் பழுப்பு அட்டைக்குள் போய்விட்டதால், வேறு வழியில்லாமல் படிக்கத் தொடங்கினேன்.

கம்பெனி பஸ்ஸில் முதலில் நாவலைப் பிரித்தேன். நான்கு தலைமுறைக் கதை. முதல் நூறு பக்கத்தில் பதினேழு பேர் பிறந்துவிட்டார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. பக்கத்து சீட்டில் வருகிற குமரேசன், "இன்னா மச்சான், பரீட்ச எதுனா எழுதப் போறியா?" என்று கேட்டு அதை வாங்கிப் பார்த்தான். தலைக்கு வைத்துக்கொண்டான். "நல்லாத்தான் கீது. கழுத்துக்கு எதமா கீது" என்றான். அந்த நாவலுக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அது ஒன்றுதான்.

தன்னம்பிக்கை நூல், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கண்ணாடியைப் பார்த்து "நான் வெற்றியாளன்" என்று இருபது தடவை சொல்லச் சொன்னது. இரண்டாம் நாள் ஸ்டெல்லா போர்வைக்குள்ளிருந்து, "யாராண்ட பேசிகினு கீற?" என்றாள். மூன்றாம் நாள் வெற்றியாளன் அளவுகோலைக் கையில் பிடித்தபடி மெஷின் முன்னால் நின்றுகொண்டே தூங்கி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சமையல் நூல் முழுக்கக் கடல் சமையல். சமைத்துப் பார்க்காமல் அதை எப்படி மதிப்பிடுவது என்று ஸ்டெல்லாவிடம் நைசாகக் கேட்டேன். "நடுவரு நீதான? நீயே செய்" என்றாள். சுறாப்புட்டு செய்தேன். அந்த ஒரு குறிப்பிலேயே 'தேவையான அளவு' என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது. உப்பில் என் தேவையும் மனித குலத்தின் தேவையும் ஒன்றல்ல என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் மதியம் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே ஸ்டெல்லா சொன்னாள். "எங்கம்மாவும் இந்தப் போட்டிக்கு எதையோ அனுப்பிகீது. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

பிய்த்த பரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டேன்.

என் மாமியார் லூர்து மேரி, அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பாகக் கஞ்சி போட்ட புடவை, தணிந்த குரல். கோயிலில் பாடல் குழுவில் பாடுவார், ஜெபத்தில் கண் கலங்குவார். பரிசோதனைப் பிரிவு மூளை உடனே வேலை செய்தது. நாலு தலைமுறைக் கதை எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. நாலு மணிக்கு எழுந்திருங்கள் என்று உபதேசம் பண்ணுகிற ஆளும் இல்லை. அவர் வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்டவன் நான், 'தேவையான அளவு' என்று எழுத மாட்டார். மிச்சம் இரண்டு. ஒன்று, ஏழு கொலை நடக்கிற துப்பறியும் நாவல். இன்னொன்று கவிதைத் தொகுப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கவிதையைப் பிரித்தேன்.

'வடக்கே உன் விழி, தெற்கே உன் மொழி,
கிழக்கே கடல், மேற்கே உன் நிழல்,
இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது
என் நெஞ்சம்.'

அறுபது கவிதையும் இதே சுதிதான். மற்ற நாளாக இருந்தால் தேறாத தட்டில் எறிந்திருப்பேன். அன்றைக்கு மாமியாரின் முகம் கண்ணுக்குள் வந்தது. நான்கு திசையும் சிலுவை என்று எடுத்துக்கொண்டேன். ஆன்மா இறைவனைத் தேடும் ஏக்கம் என்று குறிப்பெழுதினேன். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது போட்டேன். (முழுசாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று ஒன்றைக் குறைத்த சாமர்த்தியம் எனக்கு இன்னும் கூசுகிறது.)

கடைசியாகத் துப்பறியும் நாவல். பெயர் 'ஏழாவது ஊசி'. மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு சவுக்குத் தோப்பில் பிணம் கிடைக்கிறது, கையில் ஊசி போட்ட தடம். துப்பறிகிறவள் ஒரு நர்ஸ். யார் மணிக்கட்டையாவது பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால், நாடியை வைத்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது பிரித்தேன். நிமிர்ந்தபோது பஸ் மதுராந்தகத்தில் நின்றது. நான் இறங்க வேண்டிய செங்கல்பட்டில் குமரேசன் தோளைத் தட்டியிருக்கிறான், நான் அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைக் கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டே மீதியைப் படித்தேன்.

நியாயமாக அதற்குத்தான் முதல் பரிசு. ஆனால் கொலைக் கதைக்குப் பரிசு கொடுக்கிற நடுவரை எவன் மதிப்பான் என்று நினைத்தேன். மேலும், எல்லாவற்றையும் புகழ்ந்தால் மாமியாரைப் புகழ்ந்தது எடுபடாது. ஒன்றை அடித்து நொறுக்கினால்தான் இன்னொன்று நிமிர்ந்து நிற்கும். ஐம்பதுக்குப் பன்னிரண்டு போட்டுவிட்டு, உட்கார்ந்து இரண்டு பக்கம் நொறுக்கினேன்.

விழா புதுப்பட்டினத்தில், ஒரு மண்டபத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலை. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஸ்டெல்லாவும் பக்கத்தில் மாமியாரும். கவிதையைப் பற்றி வாசிக்கும்போது நான் மாமியாரைப் பார்த்தே வாசித்தேன். அவர் மரியாதையாக இரண்டு தடவை கை தட்டினார். என்ன அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஏழாவது ஊசி.

"இந்நூலாசிரியர் வாழ்நாளில் ஊசியைக் கையால் தொட்டதில்லை என்பது தெளிவு" என்று தொடங்கினேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ஏறிவிட்டது. "மருத்துவமனையின் வாசனையே அறியாத எழுத்து. நாடியைப் பிடித்துப் பொய்யைக் கண்டுபிடிப்பது வெறும் அம்புலிமாமா கற்பனை. பத்துப் பக்கத்துக்கு மேல் என்னால் நகர முடியவில்லை."

மாமியார் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என்னை நன்றாகப் பார்த்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சங்கரலிங்கம் சார் பழுப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். "முதல் பரிசு, கவிதைத் தொகுப்பு. ஆசிரியர், தணிகாசலம்."

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து ஓடி வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கி விற்கிறவர். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்த, ஊர்ல ஒருத்தனுக்கும் புரியல. உனுக்கு மட்டும் புரிஞ்சிகீது" என்று அழுதார். வடக்கே விழி, தெற்கே மொழி. அது சிலுவை இல்லை, பத்திரத்தில் எழுதுகிற நாலெல்லை என்று அவர் தோளில் முகம் புதைந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அப்படியானால் மாமியார் எழுதியது எது என்ற கேள்வி அடுத்து வந்தது.

சார் அடுத்த அட்டையைக் கிழித்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்தார். "ஏழாவது ஊசி" என்றார். "ஆசிரியர்... நம்ம லூர்து மேரி சிஸ்டர்."

ஸ்டெல்லா தலையைக் கையால் தாங்கிக்கொண்டாள். மாமியார் நிதானமாகப் படியேறி மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பேச வரல. நாடிய புடிச்சி பொய்ய கண்டுபுடிக்க முடியாதுன்னு மாப்ள சொன்னாரு. கைய நீட்டுங்க மாப்ள."

நீட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? இரண்டு விரலை என் மணிக்கட்டில் வைத்தார். அவருடைய அந்தக் கையிலேயே வாட்ச்சும் இருந்தது.

"பத்துப் பக்கத்துக்கு மேல போக முடியலன்னீங்களே. நெஜமா?"

"ஆமாங்க அத்தை."

வாட்ச்சைப் பார்த்தார். கால் நிமிஷம் எண்ணினார். "நூத்தி இருவது" என்று மைக்கில் சொன்னார். நோயாளியின் அட்டையில் எழுதச் சொல்கிற குரல். "கத புடிக்கலயா?"

"புடிக்கல அத்தை."

"நூத்தி முப்பத்தி ரெண்டு. இதுக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். இன்னொருவாட்டி கேக்கறேன்."

"மதுராந்தகம் வரைக்கும் போயிட்டேன் அத்தை" என்றேன்.

"எதுக்கு?"

"ஆறாவது ஊசி யாருக்குன்னு தெரியாம எறங்க முடியல."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வாட்ச்சைப் பார்த்தார். "இப்பதான் கொறையுது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். விழா முடிந்ததும் வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஏழாவது ஊசி ஒரு பிரதி மிச்சமில்லாமல் போயிற்று. கவிதைத் தொகுப்பை தணிகாசலமே வருகிறவர் கையிலெல்லாம் இலவசமாகத் திணித்தார்.

வீடு திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஸ்டெல்லா வண்டியின் பின்னாலிருந்து என் முதுகைத் தட்டினாள். பிறகு சொன்னாள். "எங்கம்மா எத்தினி வருசமா அத எழுதிச்சோ, எனக்கே தெரியாது. புடிக்கலன்னு நெஜமாவே எழுதியிருந்தின்னா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன். புடிச்சத புடிக்கலன்னு எழுதிகீற பாரு, அதான் எனக்குத் தாங்கல."

நூறு பேர் சிரித்ததைவிட இது வலித்தது.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கப் போனேன். மாமியார் பின்கட்டில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பெல்லாம் இன்னாத்துக்கு மாப்ள? படிச்சத படிச்ச மாதிரி எழுதிக் குடுங்க, போதும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எந்த இடத்தில் பஸ் நிற்பது தெரியாமல் போனது, எந்த இடத்தில் உண்மையாகவே சலித்தது, எல்லாம். ஒன்பதாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டருக்குப் பெயர் மாறிவிட்டதையும் எழுதினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து படித்தார். அந்தப் பெயர் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். "இத ஒருத்தரும் சொல்லல" என்றார். அன்றைக்கு மீனின் நடுத்துண்டு எனக்குத்தான் விழுந்தது.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. தணிகாசலம் தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் எனக்கொரு கவிதை அனுப்புகிறார். பதில் போடாவிட்டால் வீட்டுக்கே வந்து வாசிக்கிறார். ஸ்டெல்லா வீட்டில் எந்த விசேஷமாக இருந்தாலும், சாப்பாடு எப்படி என்று யாராவது என்னைக் கேட்டதும், பந்தியில் பக்கத்தில் இருக்கிற ஆள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். போன மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில், யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டு வாட்ச் இருக்கிறதா என்று சுற்றிலும் கேட்டார்.

மாமியார் இப்போது மூன்றாவது நாவல் எழுதிவிட்டார். அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதி முதலில் எனக்குத்தான் வரும். ஆனால் கடைசி அத்தியாயம் வராது. அதுவரை படித்ததைப் பற்றி நான் எழுதி அனுப்பி, அது நேர்மையாக இருப்பதாக அவருக்குப் பட்டால்தான் அனுப்புவார். இந்த முறை எழுதி அனுப்பிப் பத்து நாளாகிறது. நேற்று போன் செய்து கேட்டேன்.

"பாதிதான் நெஜம் மாப்ள. மீதிய என் மனசு குளுரணும்னு எழுதிகீறீங்க. திரும்ப எழுதுங்க."

இதில் தாங்க முடியாதது, ஸ்டெல்லா அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டாள். கொலைகாரன் யார் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, பாவம் என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கிறாள்.