புகை இல்லாத படம்

தீயால் காட்டுக்கு நேர்ந்த கேட்டை, காட்டின் பக்கமே போகாமல் கண்டுபிடித்த பெருமை உலகிலேயே அந்த ஒரு அலுவலகத்துக்குத்தான் உண்டு. வானத்திலிருந்து செயற்கைக்கோள் பார்க்கும். ஏசி அறையிலிருந்து இயக்குநர் பார்ப்பார். செருப்பில் சாம்பல் ஒட்டாத விஞ்ஞானம்!

படப் பிரிவில் வேலை பார்த்த அவளுக்கு மட்டும் ஒரு குறை. அந்தக் கோடையில் மலையில் பிடித்த தீயை அடித்து அணைத்த வனக்காவலர் அவள் புருஷன். இரண்டு கைகளும் வெந்து, விரல் மடங்காமல் வீட்டில் இருந்தார்.

“மலை அழிஞ்சுபோச்சுன்னு உங்க ஆபீஸ் எழுதினாத்தான் மரக்கன்னு நட ஆள் வரும். எழுதிடுவாங்கல்ல?”

“எழுதாம என்ன? முதல்ல வாயைத் திறங்க” என்று அவள் ஊட்டிவிடுவாள்.

தீ எரிந்த வாரத்துப் படங்களைக் கொண்டுபோனாள். இயக்குநர் ஒவ்வொன்றின்மீதும் ‘தெளிவில்லை’ என்ற முத்திரையைக் குத்தினார்.

“படத்துல மேகம் இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கேம்மா.”

“சார், அது மேகம் இல்ல, புகை. காடு எரியுது சார்!”

“எரியட்டும்மா, யார் வேண்டாம்னா? புகையில்லாம எரியக் கூடாதா?”

நான்கு மாதம் காத்திருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்தபின் கண்ணாடிபோல ஒரு படம் வந்தது. மலையில் மரம் ஒன்றுகூட இல்லை. சாம்பல்மேல் களைச்செடி மண்டிக் கிடந்தது. கணினி கணக்குப் போட்டது: பச்சைப் பரப்பு, தீக்கு முன்பைவிட நாலு சதவீதம் அதிகம்.

“சார், அது வெறும் களை.”

“பச்சையில என்னம்மா ஏழை பணக்காரன்? சேதம் இல்லைன்னு போடு. வேண்டாம், ‘வளர்ச்சி’ன்னே போடு!”

இயக்குநருக்குக் கேடயம் கிடைத்தது. காவலருக்குக் கடிதம் கிடைத்தது. அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்: ‘வன வளர்ச்சிக்குப் பேருதவி புரிந்த தீயைத் தாங்கள் பாதியிலேயே அணைத்ததற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் விளக்கவும்.’

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் வந்த நீரை அவள்தான் துடைத்துவிட்டாள்.

“அப்போ கன்னு வராதா?”

அவள் கடிதத்தை மடித்தாள்.

“எழுதுடி. ‘ஒருமுறை மலைக்கு வந்து பாருங்கள்.’ அவ்வளவுதான்.”

எழுதினாள். பேனா பிடிக்க வராததால் அவர் பெருவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தார். வெந்து ஆறிய விரல். ரேகை என்று ஒன்று மிச்சமில்லை.

அலுவலகம் அதை மூன்று நாள் உற்றுப் பார்த்தது. பிறகு திருப்பி அனுப்பியது, அதே முத்திரையோடு: ‘தெளிவில்லை.’