மில் சத்தத்தை எடுத்த மருமகள்

படித்த படிப்பு ஒருநாளும் கைவிடாது என்பார்கள். உண்மைதான். நான் படித்த எலெக்ட்ரானிக்ஸ் என்னைக் கைவிடவில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து, மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள் நான். பஸ்ஸில் கண்ணசருவதற்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் கல்யாணமான புதிதில் அது எனக்கு வேறு தேசம். புகுந்த வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு நூல் மில். ராத்திரி பகல் பாராமல் ‘ஹோ’வென்று ஒரே சீராக இரையும். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட அந்த வீட்டில் கத்தித்தான் சொல்வார்கள். ரகசியம் பேசவேண்டும் என்றால் மட்டும் கொல்லைக்குப் போய், அடுப்படி ஜன்னலுக்கும் மில் சுவருக்கும் நடுவில் நின்றுகொள்வார்கள். அங்கே பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். வந்த வாரத்திலேயே அந்த இடத்தின் அருமை எனக்குப் புரிந்துவிட்டது.

அத்தைக்கு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன், அதுவும் ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டு) ஒரு சமையல் சேனல் உண்டு. பார்க்கிறவர்கள், ‘பின்னால் ஹெலிகாப்டர் நிற்கிறதா?’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அத்தைக்கு அது தாங்கவில்லை.

“உசுரக் குடுத்து சமைக்கேன். இவனுக ஹெலிகாப்டரப் பாக்கானுக!”

“ஃபில்டர் போட்டா சத்தம் போயிரும் அத்தை” என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

“எம்புட்டுப் போகும்?”

“அம்புட்டும் போயிரும்.”

(இந்த வாய்க்கு ஒரு ஃபில்டர் யாராவது செய்து கொடுத்திருக்கலாம்.)

அன்றைக்குப் பருப்பு உருண்டைக் குழம்பு. என் வீட்டுக்காரரின் போனைக் கேமராவாக ஸ்டாண்டில் மாட்டி, மைக்கை ஜன்னல் கட்டையில் வைத்தேன். உருண்டைகளைக் கொதிக்கிற குழம்பில் போட்ட பிறகு அத்தை வாய் திறக்கமாட்டார். பேசினால் உருண்டை உடைந்துபோகும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நேரம் பார்த்துக் கொல்லைக்கு நழுவி, அம்மாவுக்குப் போன் போட்டேன். மைக் அங்கே இருப்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மில் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று வீட்டார் எல்லாரையும் போல நானும் நம்பினேன். அந்தச் சத்தத்தை மறுநாள் எடுக்கப் போகிறவளும் நானேதான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மில் சத்தம் எந்தெந்த அதிர்வெண்களில் குந்தியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடங்களை மட்டும் வெட்டும் ஃபில்டர்களைப் போட்டேன். மிச்சமிருந்த ‘உஸ்’ஸுக்கு, யாரும் பேசாத ஒரு துண்டை மாதிரியாகக் கொடுத்து, அதை மொத்தத்திலிருந்து கழிக்கச் சொன்னேன். குரல் தாழ்கிற இடங்களைத் தானாகத் தூக்கிவிடும் வசதியையும் தட்டிவிட்டேன். ஆரம்பத்தைக் கேட்டுப் பார்த்தேன். அத்தை குரல் தேன். மீதியைக் கேட்கவே இல்லை, அத்தனை திமிர்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் பூ, பழத்தட்டோடு வந்தார்கள். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போக. ஆவணி பிறந்ததும் புகுந்த வீட்டார் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அழைக்காமல் விட்டால் ஊர் வேறு கதை பேசும். என் பெட்டி வாசலருகே தயாராக நின்றது.

“சம்பந்தி, செத்த நேரம் இருங்க. எம் மருமக பண்ணுன வேலையப் பாத்துட்டுப் போங்க” என்றார் மாமா. என் வீட்டுக்காரர் ரிமோட்டோடு பெருமையாக உட்கார்ந்தார்.

டிவியில் அத்தை பேசினார். ஹெலிகாப்டர் இல்லை. “ஏயப்பா, சினிமா மாதிரில்ல இருக்கு!” என்றார் அப்பா. அத்தை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமானதிலிருந்து முதல் சிரிப்பு. உருண்டைகள் குழம்பில் விழுந்தன. அத்தை வாயை மூடிக்கொண்டார். கொதிக்கிற சத்தம். அதன் பின்னாலிருந்து, பளிங்கு மாதிரி ஒரு குரல்:

“ஹலோ... அம்மா?”

அடுத்து வரப்போகிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்த அம்மாவுக்கும் தெரியும். ரிமோட்டைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

“இரு இரு, யாரோ பேசுத மாதிரி இருக்கு” என்று என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டினார்.

“சோறு எறங்கவே மாட்டேங்குதும்மா. கொழம்புல உப்புன்னு ஒண்ணு கெடையாது. கேட்டா, ‘உப்பு ஒடம்புக்குப் பகை, ஏட்டி!’” (அத்தை குரலில் நடித்திருந்தேன். நன்றாக வேறு நடித்திருந்தேன்.) “இவங்களப் பாத்தாலே பயமா இருக்கும்மா. ஆடிக்கு வந்தா நான் அங்கேயே இருந்துரவா?”

அப்பா மின்விசிறியை ஆராய்ந்தார். அம்மாவின் நகம் என் தொடையில் இறங்கியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் கொண்டை மட்டும்தான். அது அசையவே இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. ஆவணியில் யாரும் என்னை அழைக்க வரப்போவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

டிவியில் செருப்புச் சத்தம், நான் உள்ளே போன பிறகு யாரோ கொல்லைக்கு வந்திருக்கிறார்கள். இப்போது மாமாவின் குரல்: “ஏலே, அந்த உப்புப் பொட்டலத்த எடு. வீடியோவுக்குன்னு இன்னைக்கு இன்னும் கொறச்சிருப்பா.”

கூடத்தில் மாமா மெல்ல எழுந்தார். “கடை வரைக்கும் போயிட்டு வாரேன்.”

“ஒக்காருங்க” என்றார் அத்தை. மாமா உட்கார்ந்தார்.

டிவியில் மாமா தொடர்ந்தார்: “அந்தப் பிள்ளைக்கும் ஒரு பொட்டலம் குடுலே. பாவம், வெறுஞ்சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கு.”

அடுத்தது என் வீட்டுக்காரர்: “வேண்டாம்ப்பா. அவ பயந்தாங்கொள்ளி, அம்மாட்ட ஒளறிருவா.”

(அந்தப் பொட்டலம் கடைசிவரை என் கைக்கு வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

அத்தை எழுந்தார். மாமாவின் சட்டைப்பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார். “ஒங்க பிரஷருக்குப் பயந்துதான வீட்டுக்கே உப்பக் கொறச்சேன்? அம்புட்டு உப்பும் பையிலயா இருக்கு?” பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, இங்க வா.”

எப்படியோ போய் நின்றேன்.

“வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? உப்பு பத்தலன்னு எங்கிட்ட சொன்னா ஒன்ன முழுங்கிருவனா?”

“முழுங்கிருவீங்கன்னுதான் அத்தை நெனச்சேன்.”

தடுப்பதற்குள் வந்துவிட்டது. மாமாதான் முதலில் சிரித்தார், அதுவும் இருமல் மாதிரி. அத்தை சிரிக்கவில்லை. அம்மாவிடம் போய் நின்றார்.

“ஆடிக்குக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. ஆவணி பொறந்த அன்னைக்கு நானே வருவேன். அங்கேயே இருந்துருவேன்னு இவ சொன்னா, அன்னைக்குத்தான் முழுங்குவேன்.”

பஸ்ஸில் அம்மா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

சொன்னபடி ஆவணி முதல் நாள் எங்கள் வீட்டு வாசலில் அத்தை நின்றார், கையில் தூக்குவாளி. உள்ளே பருப்பு உருண்டைக் குழம்பு. “உப்பு பாத்துச் சொல்லு” என்றார். வாயில் வைக்கமுடியாமல் கரித்தது. “பிரமாதம் அத்தை” என்றேன். பயம் அத்தனை சீக்கிரம் போய்விடுமா?

இன்றைக்கும் யாராவது போனோடு கொல்லைக்குப் போனால், “ஃபில்டர் போட்டிருக்கு, பாத்துப் பேசுங்க” என்று மாமா குரல் கொடுப்பார். அத்தையின் சேனலில் ஹெலிகாப்டர் திரும்ப வந்துவிட்டது. இப்போது இன்னும் நல்ல ஃபில்டர்கள் வந்திருக்கின்றன என்று போன வாரம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அதத் தொடாத ஏட்டி. அந்தச் சத்தம் இருக்கப் போயித்தான் இந்த வீட்டுல நாலு பேரு ஒண்ணா உக்காந்து சோறு திங்கோம்.”

சொல்லிவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். யாரைப் பற்றிப் பேசினாரோ, எனக்குக் கேட்கவில்லை.